பாலத்தின் மேல் ஊமையான ஹாரன்: ஒரு ஸ்கூட்டர் பழுதின் நிகழ்வு ஆய்வு

2021 நவம்பரில் என் பட்டறைக்கு ஒரே ஸ்கூட்டர் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் ஒரே புகார்: ஹாரன் அடிக்கவில்லை. முதல் முறை சரிசெய்துவிட்டதாக நினைத்து அனுப்பினேன். அது தப்பு. அந்தத் தப்பு எந்த இடத்தில் நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. வண்டியின் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் வேலைச் சீட்டில் அன்றைக்கே குறித்து வைத்தவை.

வண்டியும் அதன் முன்கதையும்

பட்டறை இருப்பது விருதம்பட்டில். காட்பாடியிலிருந்து வேலூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பாலாற்றுப் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வந்தவர் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் ஊரில் நர்ஸ் என்றால் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் 'சிஸ்டர்'தான், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

வண்டி 2016 மாடல், 110 சிசி, மீட்டரில் 41,000 கிலோமீட்டர் காட்டியது. ஹாரன் முதலில் கம்மியது. தொண்டை கட்டினவர் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சில நாள் அடிக்கும், சில நாள் அடிக்காது. வழியில் ஒரு கடையில் ஹாரனின் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுத்தார்கள், 50 ரூபாய். இரண்டு நாள் அடித்தது. இன்னொரு கடையில் சுவிட்சைக் கழற்றி ஸ்ப்ரே அடித்தார்கள், 100 ரூபாய். அது ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவது கடையில் 280 ரூபாய்க்குப் புது ஹாரனே மாட்டினார்கள். அதுவும் நான்காம் நாள் நின்றது.

மூன்று கடைக்காரர்களையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான்காவது ஆளாக நானும் அதே வரிசையில்தான் போய் நின்றேன்.

முதல் நாள்: எல்லாமே சரியாக இருந்தது

ஸ்கூட்டர் ஹாரனில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. உள்ளே ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், அதன் முன்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு, பக்கத்தில் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ஒரு பாயின்ட். கரண்ட் வந்தால் காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு இழுபட்டதும் பாயின்ட் பிரிந்து கரண்ட் அறுந்துபோகும். தகடு திரும்பி வந்ததும் பாயின்ட் மறுபடி சேரும். இது விநாடிக்கு முந்நூறு, நானூறு தடவை நடப்பதைத்தான் நாம் 'பீப்' என்று கேட்கிறோம். பின்னால் இருக்கும் ஸ்க்ரூ அந்தப் பாயின்ட் எப்போது பிரிய வேண்டும் என்பதை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

கரண்ட் வரும் பாதை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஹாரனுக்கு எப்போதும் பாசிட்டிவ் இருக்கும், சுவிட்ச் எர்த்தை, அதாவது பாட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியை, கொடுக்கும். இந்த வண்டியில் பாட்டரி, ஃபியூஸ், சாவி, இடது கைப்பிடியில் உள்ள ஹாரன் பட்டன், ஹாரன், அங்கிருந்து எர்த். நேரான பாதை.

வழக்கமான வரிசையில் பார்த்துக்கொண்டு போனேன். இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் எரிந்தன. அவையும் இதே ஃபியூஸில்தான் ஓடுகின்றன, அதனால் ஃபியூஸ் சரி. பாட்டரி 12.5 வோல்ட், இஞ்சின் ஓடும்போது 14.0. செல்ஃப் தயங்காமல் எடுத்தது. ஹாரனைக் கழற்றிப் பாட்டரியில் நேராகத் தொட்டேன். பட்டறையே அதிர்ந்தது. ஹாரனும் சரி. கடைசியாக, ஹாரனுக்கு வரும் இரண்டு வயர்களின் நுனியில் மீட்டரை வைத்து, சிஸ்டரைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். 12.4 வோல்ட்.

கரண்ட் வருகிறது, ஹாரன் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் சத்தம் இல்லை. அப்படியானால் இரண்டும் சேருகிற லக்கில், அதாவது வயர் நுனியில் இருக்கும் உலோகக் கவ்வியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். இரண்டு லக்கும் கொஞ்சம் தளர்ந்திருந்ததும் உண்மை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூக்குக் குறடால் அழுத்தி இறுக்கி, திரும்ப மாட்டினேன். அமுக்கியதும் அடித்தது. நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தேன், எல்லாத் தடவையும் அடித்தது. 50 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் பையன், நான் ஹாரனைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியை நகர்த்தும்போது, விளையாட்டாகப் பட்டனை அமுக்கிக்கொண்டே ஹேண்டிலைத் திருப்பியிருக்கிறான். "ண்ணா, அமுக்கிகினே திருப்பினா ஒரு தபா டிக்குனு கேட்டுச்சுண்ணா" என்றான். "சரிடா, லக்கு லூசு, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். லக் இருப்பது ஹாரனில். ஹேண்டிலைத் திருப்பினால் லக் அசையவே அசையாது. அந்த நிமிடம் இது எனக்கு உறைக்கவில்லை.

பாலத்தின் மேல்

அந்த நவம்பர் மழையை வேலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வருஷம் முழுக்க மணலும் முள்செடியுமாகக் கிடக்கும் பாலாறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆற்றில் தண்ணீர் வந்தால் இங்கே அது திருவிழா மாதிரி. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுக ஜனம் நின்றுகொண்டு செல்போனில் படம் எடுத்தது.

என் பட்டறையிலிருந்து போன மூன்றாம் நாள் சிஸ்டர் மாலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தூறல். தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், போனை உயரப் பிடித்தபடியே பின்வாக்கில் ரோட்டுக்குள் இறங்கினார். சிஸ்டர் பட்டனை அமுக்கினார், சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவையும் அமுக்கினார். அந்த இரண்டாவது அமுக்கலில் போன நேரம்தான் பிரேக் பிடிக்க வேண்டிய நேரம். பிரேக்கை மொத்தமாகப் பிடித்ததும் ஈர ரோட்டில் முன்சக்கரம் வழுக்கியது. முட்டி சிராய்த்தது, வலது கண்ணாடி உடைந்தது. அந்த மனிதர் மேல் படவில்லை.

மறுநாள் காலை வண்டியோடு வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அண்ணா, அடிக்காதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அமுக்கியிருக்கவே மாட்டேன், நேரா பிரேக் புடிச்சிருப்பேன்" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. முழுசாகக் கெட்ட ஹாரனை யாரும் நம்புவதில்லை. நான் அரைகுறையாகச் சரிபண்ணிக் கொடுத்ததை அவர் நம்பினார்.

இரண்டாம் முறை: பல்பு வைத்துப் பார்த்தது

இந்தத் தடவை ஹாரனைத் தொடவில்லை. பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, இரண்டு வயர் வைத்து ஈயம் பற்றினேன். அதை ஹாரன் வயர்களின் நுனியில் மாட்டினேன். இந்த பல்பு முழுசாக எரியும்போது ஒன்றே முக்கால், அதாவது 1.75 ஆம்பியர் இழுக்கும். கிட்டத்தட்ட ஹாரன் இழுக்கும் அளவு.

சாவியைப் போட்டுப் பட்டனை அமுக்கினால், ஊதுபத்தி நுனி மாதிரி இழை மட்டும் சிவந்தது. பல்பின் இரு பக்கமும் மீட்டர் வைத்தேன். 4.1 வோல்ட். மூன்று நாள் முன்னால் 12.4 காட்டிய அதே இரண்டு நுனிகள்.

மீட்டர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. டிஜிட்டல் மீட்டர் வோல்ட் அளக்கும்போது கரண்டை மறிக்கும் அதன் உள் தடை பத்து லட்சம் ஓமுக்குக் குறையாது, பலவற்றில் ஒரு கோடி ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். வழியில் ஐந்து ஓமோ ஏழு ஓமோ தடை இருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. கிணற்றில் தொங்கும் இற்றுப்போன கயிறு மாதிரிதான். சும்மா தொங்கும்வரை அது கயிறு. குடம் நிறைந்து மேலே இழுக்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். நான் குடம் கட்டாமலேயே கயிற்றுக்குச் சான்று கொடுத்திருந்தேன்.

தொலைந்துபோன 8 வோல்ட் எங்கே என்று தேட வேண்டும். இதற்குப் பாதையை வெட்டவோ பிரிக்கவோ தேவையில்லை. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையில் மீட்டரை வைத்தால், அந்தத் துண்டு எத்தனை வோல்ட்டைத் தின்கிறது என்று காட்டும். நல்ல வயர் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

பையன் பட்டனை அமுக்கிப் பிடித்தான், நான் அளந்தேன். அப்போது பாட்டரியில் 12.0 வோல்ட். பாட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், சாவி வழியாகப் பட்டன் வரை 0.4. பட்டனுக்குள் 0.3. ஹாரன் எர்த் வயரிலிருந்து பாட்டரி நெகட்டிவ் வரை 0.1. பட்டனிலிருந்து ஹாரன் வரை போகும் ஒற்றை வயரில் 7.1. கூட்டினால் 7.9. பாட்டரியின் 12.0இல் அதைக் கழித்தால் பல்புக்கு மிஞ்சுவது அதே 4.1. கணக்கு நேராக வந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி, அதை இந்த வேலை செய்கிறவர்கள் அறிவார்கள்.

பட்டனில் 0.3 என்பது நான் எதிர்பார்க்காதது. என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான் இருந்தது. அளக்காமல் போயிருந்தால் ஐந்தாவது செலவாகப் புது சுவிட்ச் செட் மாட்டியிருப்பேன்.

கழுத்துக்குள்ளே

இப்போது பையன் சொன்னது நினைவுக்கு வந்தது. "பட்டன விடாத, ஹேண்டில திருப்பு" என்றேன். இடது பக்கம் திருப்பியதும் பல்பு அணைந்தது. நேராக்கியதும் சிவந்தது. வலது கோடிக்குப் போனதும் பளிச்சென்று எரிந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் பல்பைப் பார்த்தேன்.

முன் பேனலைக் கழற்றினோம். ஹேண்டிலிலிருந்து இறங்கும் வயர் கட்டு, ஹேண்டில் சட்டத்தோடு சேரும் கழுத்துப் பக்கம் வளைந்து சட்டத்துக்குள் போகிறது. கம்பெனி அதைத் தளர்வாக விட்டிருக்கும், ஹேண்டில் திரும்பும்போது கட்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வளையும்படி. இதில் அந்த வளைவின் நடுவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டேக், வயர் கட்டைச் சட்டத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தது. அதோடு இன்னொரு மெல்லிய கறுப்பு வயர். அது எங்கே போகிறது என்று பார்த்தால், செல்போன் சார்ஜ் போடும் சாக்கெட்டுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டியது என்றார் சிஸ்டர்.

டேக்கை வெட்டி, சுற்றியிருந்த டேப்பை உரித்தோம். ஹாரன் வயரின் மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணால் பார்த்தால் நல்ல வயர். விரலால் நெருடிக்கொண்டே போனால், டேக் இருந்த இடத்தில் ஒரு கால் அங்குலம் மட்டும் உள்ளே எலும்பு இல்லாத மாதிரி தொய்ந்தது. இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால் அந்த இடம் ரப்பராக நீண்டது. பிளேடால் தோலைக் கீறினேன். செம்பு இழை ஒன்றுகூட முழுசாக இல்லை. அறுந்த நுனிகள் ஒன்றை ஒன்று தொட்டபடி நிற்க, இடையில் பச்சைக் களிம்பு. பழைய செப்புக்குடத்தின் அடியில் பிடித்திருக்குமே, அதே பச்சை.

இது தெரிந்ததும் பழைய கதைகளுக்கும் விளக்கம் கிடைத்தது. தினமும் எத்தனையோ தடவை ஹேண்டில் திரும்பும்போது வளைவு முழுக்க டேக் இருந்த ஓர் இடத்திலேயே விழுந்திருக்கிறது, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. ஈரம் ஏறக் களிம்பு பிடித்தது. ஒவ்வொரு கடையிலும் பேனலைத் திறந்து, ஹாரனை அசைத்து, வயரை இழுத்திருக்கிறார்கள். அந்த அசைவில் நுனிகள் கொஞ்சம் நெருங்கி உட்கார, நாலு நாள் ஹாரன் அடித்திருக்கிறது. ஸ்க்ரூ, ஸ்ப்ரே, புது ஹாரன், என்னுடைய லக் எல்லாவற்றுக்கும் வேலை செய்த பெருமை இப்படித்தான் கிடைத்தது.

என்ன செய்வது என்று பேசியது

மூன்று வழிகள் இருந்தன. வயரிங் கிட் முழுசாக மாற்றலாம். அறுந்த ஒரு வயருக்காக ஆயிரக்கணக்கில் செலவு, அதனால் வேண்டாம் என்று நானே சொன்னேன். பட்டனிலிருந்து ஹாரனுக்கு வெளியே தனியாக ஒரு வயர் இழுக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் வெளியே தொங்கும் வயர் அடுத்த வருஷம் வேறொரு கடையில் இன்னொரு டேக்குக்குள் போய்விடும். மூன்றாவது வழி, கெட்ட இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போடுவது. அதையே எடுத்துக்கொண்டோம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அறுந்த இடத்திலேயே இரண்டு நுனியையும் முறுக்கி ஈயம் வைத்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைக்க வைக்கும், வளையும் இடத்தில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி அறுந்துபோகும். அதனால் வளைவுக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் தள்ளி, அசையாத இடங்களில் வெட்டினேன். நடுவில் நிறைய இழை உள்ள மெத்தென்ற வயர். இரண்டு இணைப்பிலும் ஈயம் வைத்து, அதன் மேல் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினேன். கட்டில் இருந்த மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்ததில், இடது இண்டிகேட்டர் வயர் அதே இடத்தில் தொய்யத் தொடங்கியிருந்தது. அதையும் சேர்த்து மாற்றினேன். சார்ஜர் வயரைத் தனிப் பாதையில் விட்டேன்.

வேலை நடக்கும்போது சிஸ்டரின் மகன் வந்தார், கல்லூரி மாணவர். "அம்மாவுக்கு நல்லா கேக்கிற மாதிரி பாட்டு ஹாரன் ஒண்ணு போட்ருங்கண்ணா, ரிலே வெச்சு" என்றார். ரிலே என்பது அதிகக் கரண்டைப் பட்டன் வழியாக விடாமல் தனியாகக் கொடுக்கும் சுவிட்ச், ஒற்றை ஹாரனுக்கு அது தேவையே இல்லை. பாட்டு ஹாரன் மாதிரியான பல சுருதி ஹாரனைப் பொறுத்தவரை, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி அதைத் தடுக்கிறது. அதோடு மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதிப் பகுதி. ஹாரன் தடை போர்டு இருக்கும் இடத்தில் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் அப்போது முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 அபராதம் இருந்தது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டரே, "ஐயோ, பேஷன்ட்டுங்க படுத்திருக்கற எடத்துல பாட்டு ஹாரனா?" என்று மகனை அடக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு

மாட்டி முடித்துவிட்டு பல்பை வைத்தே முதலில் பார்த்தேன். பட்டனிலிருந்து ஹாரன் வரை இழப்பு 0.1 வோல்ட். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி என்று முப்பது தடவை பையன் திருப்பினான், பல்பு ஒரு தடவைகூட மினுக்கவில்லை. முன்பக்கம் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி பார்த்தோம். அதன் பிறகுதான் ஹாரனை மாட்டினேன்.

வயர், ஸ்லீவ், புதுக் கண்ணாடி மூன்றுக்கும் காசு வாங்கவில்லை, முதல் நாள் வாங்கிய 50 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடிக்கு மட்டும் சிஸ்டர் பிடிவாதமாக 100 ரூபாய் வைத்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு முன்னால் ஆயில் மாற்ற வந்தபோதும், சித்திரை வெயிலிலும், அடுத்த ஐப்பசி மழையிலும் கேட்டேன். ஹாரன் அடிக்கிறது.

பட்டறையில் மாறியவை

அந்த பல்பு இப்போது மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஹாரன், ஹெட்லைட், பிரேக் லைட் என்று எந்தப் புகார் வந்தாலும் முதலில் அதுதான் இறங்கும், மீட்டர் அப்புறம். பல்பு முழுசாக எரிந்தும் ஹாரன் அடிக்காவிட்டால்தான் ஸ்க்ரூவில் கை வைக்கிறோம்.

வண்டி உள்ளே வந்ததும் வேலைச் சீட்டில் கேட்டு எழுதுகிற கேள்வி ஒன்று கூடியிருக்கிறது: சார்ஜர், அலாரம், கூடுதல் லைட் ஏதாவது மாட்டினீர்களா, எப்போது? ஆமாம் என்றால் கழுத்துப் பக்கத்தை முதலில் திறக்கிறோம். பட்டனை அமுக்கியபடி ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்ப்பது பையனின் பொறுப்பு. அவன் சொல்வதைச் சீட்டில் அவன் கையாலேயே எழுதுகிறான்.

காரணம் கையில் சிக்காமல் வண்டி தானாகச் சரியாகிவிட்டால், அடிக்கிறது என்று சொல்லி அனுப்புவதில்லை. "இப்ப அடிக்குது, ஏன் நின்னுச்சுன்னு இன்னும் தெரியல, ஹாரனை நம்பி ஓட்டாதீங்க, நாளைக்கு விட்டுட்டுப் போங்க" என்று சொல்கிறோம். சிலருக்கு இது பிடிப்பதில்லை. பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்றாவது கடையில் கழற்றிய பழைய ஹாரனை சிஸ்டர் தூக்கிப் போடாமல் பாலிதீன் பையில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு அதை எடுத்துப் பாட்டரியில் தொட்டேன். கம்மலாக ஒரு முனகல் வந்தது. முதல் கடைக்காரர் திருப்பிய ஸ்க்ரூவைக் கால் சுற்று பின்னால் விட்டதும் கணீரென்று அடித்தது. இப்போது அது குடியாத்தத்தில் இருக்கும் சிஸ்டருடைய தம்பியின் மொபெட்டில் இருக்கிறது.